மறுமொழி: ‘தாலமானம்’ வேண்டாம், ‘வரிசையளவு’ எப்படி?

> எகிப்தியச் சிற்பங்களில் அரசனைப் பெரிதாகவும் அரசியைச் சிறிதாகவும் காட்டும் முறைக்கு நம் ‘தாலமானம்’ பொருந்தாதா?

ஐயா, பொருந்தாது என்றே நினைக்கிறேன். தாலமானம் என்பது சிலையின் உடலளவுகளை அங்குலக் கணக்கில் வகுக்கும் நம் சிற்ப நூல் முறை. ஆண் தெய்வத்துக்கு உயர்ந்த அளவான உத்தம தசதாலம் 124 அங்குலம், தேவிக்கு அடுத்த அளவான மத்திம தசதாலம் 120 என்று அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதனால் அச்சொல்லையே எடுத்தாளும் ஆசை வருவது இயல்பு. ஆனால் தாலமானம் ஓர் உருவத்தின் உறுப்புகளுக்குள் அமையும் அளவு. நமக்கு வேண்டியது, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடும் உயரத்துக்கு ஒரு சொல்.

எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் அரசி தீயேவைப் பாருங்கள். பழைய தீப்ஸ் நகரில், நைல் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள மெம்னான் சிலைகளில் கணவனின் காலோரம் சிற்றுருவாக நிற்கிறார். அதே கரையில், மெதினெத் ஹாபுவில் கிடைத்துக் கெய்ரோ அருங்காட்சியகம் சேர்ந்த, ஏறத்தாழ 7 மீட்டர் சிலையிலோ அவனுக்குச் சரிசமமாக அமர்ந்திருக்கிறார். காலோரம் இப்போது மகள்களுக்கு. அபு சிம்பெலிலும் இப்படித்தான். பெரிய கோயில் முகப்பில் மன்னன் இரண்டாம் ராம்செஸின் முழங்காலைத் தாண்டாத அவன் அரசி நெஃபர்த்தாரி, சிறிய கோயில் முகப்பில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் அவனுக்கு இணையாக நிற்கிறார். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது.

இதற்கு முன்பு இங்கே ஒருவர் சொன்ன ‘படிநிலை விகிதம்’ என்ற சொல் தவறில்லை. கணக்குப் பாட வாடை அடிக்கிறது, அவ்வளவுதான். நான் முன்வைப்பது ‘வரிசையளவு’. வரிசை என்றதும் ரேஷன் கடை நினைவுக்கு வரும் என்பீர்கள். ஆனால் வரிசைக்கு அவரவர் தகுதிக்கேற்ற சிறப்பு என்ற பொருளும் உண்டு. சீர்வரிசை என்ற வழக்கு இன்னும் இருக்கிறதே! அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் வரிசை அறிவதுதான் அரிது என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் சொன்னதும் (புறநானூறு 121) இந்தப் பொருளில்தான்.

இச்சொல்லை நான் விரும்ப இன்னொரு காரணம், வரிசை என்றால் அதை வழங்குபவர் ஒருவர் இருக்க வேண்டும். நெஃபர்த்தாரியின் உயரம் ராம்செஸ் அளந்து கொடுத்தது. சிலை சமமாக இருப்பதால் அதிகாரமும் சமம் என்று எழுதிவிடும் அவசரத்துக்கு இச்சொல்லே ஒரு தடை.

சிக்கல் ஹத்ஷெப்சுத்திடம் வருகிறது. அவர் பெண்ணாக இருந்தும் தாமே அரசராக முடி சூடியவர். கர்னாக் கோயிலின் செம்மண்டபச் சிற்பங்களில் அவரும் அவரோடு சேர்ந்து அரசராக இருந்த மூன்றாம் துத்மோஸும் ஒரே உயரம், ஒரே அரச உடை. உருவத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது, பெயரைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் ஹத்ஷெப்சுத்தே முன்னால் நிற்கிறார். அங்கே மேன்மையைக் காட்டுவது அளவு அல்ல, முன்பின் நிலை. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘முந்துநிலை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். ‘முன்னுரிமை’யோடு குழம்பாத வேறு சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.