அயிரை மீன் வம்ச மரம் தப்பாக வருகிறது, அவசர உதவி (திங்கள் வைவா)

மலர் முதுகுளத்தூர் (புதியவர்)
வணக்கம். எம்.எஸ்ஸி. புராஜெக்ட், அயிரை மீன்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு வம்ச மரம் வரைவது. மெகா மென்பொருளில் மரம் போட்டால் ஒரு கண்மாய் மீன் மட்டும் தனியாகப் பிரிந்து நீளமான கிளையில் போய் நிற்கிறது. அலைன்மென்ட் (டிஎன்ஏ எழுத்து வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்துவது) நாலு தடவை செய்துவிட்டேன், அதேதான் வருகிறது. கைடு ஊரில் இல்லை. திங்கள்கிழமை வைவா. என்ன தப்பு என்று சீக்கிரம் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்
அயிரை சரி, எந்தக் கண்மாய்?

பரமக்குடி சித்ரா
எந்த ஜீன்? எத்தனை மாதிரி? கிளைகளுக்கு நடுவே டிஎன்ஏ தூரம் எவ்வளவு? எதில் போட்டு வைத்திருந்தீர்கள், ஸ்பிரிட்டா பார்மலினா? பார்மலின் என்றால் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும்.

ஏடிஜிசி (மூத்த உறுப்பினர்)
நீங்கள் கொட்டியதை மரம் வரைந்திருக்கிறது, அவ்வளவுதான். குரோமடோகிராமை, டிஎன்ஏ எழுத்துகளைப் படித்த அந்த வரைபடத்தை, ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா? லேப் அனுப்பிய கோப்பை அப்படியே மெகாவில் ஏற்றிவிட்டு மரத்தைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மன்றத்தின் பழைய இழைகளில் எழுதியிருக்கிறேன். தேடிப் படியுங்கள் தம்பி.

மடைவாயன்
அண்ணன் வந்துட்டாரு, இனி யாரும் வாயைத் திறக்க முடியாது.

மலர் முதுகுளத்தூர்
தம்பி இல்லை சார், மலர். ஜீன் சிஓஐ, மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. ராமநாதபுரம் பெரிய கண்மாய், ஆர்.எஸ்.மங்கலம், எங்கள் ஊர்ப்பக்கக் கண்மாய், தலா 6. சந்தையில் வாங்கியது 2. மொத்தம் 20. ஸ்பிரிட்தான். தனியாக நிற்பது மங்கலம் மீன் ஆறும்.

தொண்டிக்காரன்
மங்கலமா! தங்கச்சி, இது தப்பே இல்லை, கண்டுபிடிப்பு. அயிரையின் அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ ஏன் வந்தது தெரியுமா? 1846இல் வாலென்சியன் பெயர் வைத்த மீன் திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்தது. 20,000 வருடத்துக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் போலக் கீழே. பாக் நீரிணை மொத்தமும் தரை. தொண்டியிலிருந்து நடந்தே போகலாம், ஆற்றுமீன் வராதா? மங்கலத்து அயிரை இலங்கை வம்சம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மடைவாயன்
இலங்கை வரைக்கும் ஏன் போகணும்? 1895லிருந்து முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வருது. மேற்கே ஓட வேண்டிய ஆறு கிழக்கே திரும்பினால் மீன் மட்டும் கேரளாவிலேயே நின்றுவிடுமா? கேரளத்து அயிரை கலந்திருக்கும். எங்கள் அப்பா கண்மாய்க் குத்தகை எடுத்தவர். எந்தக் கண்மாயில் எந்தத் தண்ணி என்று ருசி பார்த்தே சொல்லுவார்.

பரமக்குடி சித்ரா
பெரியாற்றுத் தண்ணீர் என்றால் வைகை பாயும் கண்மாய் எல்லாவற்றிலும் அந்தக் கலப்பு தெரிய வேண்டும், அண்ணே. மங்கலத்தில் மட்டும் ஆறுக்கு ஆறு எப்படி?
தொண்டி அண்ணனுக்கு: சிஓஐ மாறும் வேகத்தை 10 லட்சம் வருடத்துக்கு 2 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 650 எழுத்துத் துண்டில் 20,000 வருடத்துக்கு ஒரு எழுத்துகூட முழுசாகத் தேறாது. அதற்கு நீளக் கிளை வராது. தரைவழி இருந்தும் இலங்கைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே மரத்தவளை, நன்னீர் நண்டு, கெண்டை வகையெல்லாம் பெரிதாகக் கலக்கவில்லை என்று 2004இல் சயன்ஸ் இதழில் ஆய்வே வந்தது.

தொண்டிக்காரன்
அதெல்லாம் மழைக்காட்டு உயிர். அயிரை வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கிற மீன். அதற்கு நடுவில் இருக்கிற வறண்ட நிலம் தடையா?

பரமக்குடி சித்ரா
அது நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலருடைய கேள்வி அதுவல்ல. மலர், தூரம் எவ்வளவு என்று கேட்டேனே?

நியூக்ளியஸ்
எனக்கென்னவோ இது நம்ட் மாதிரி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஜீனின் பழைய நகல் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், பிசிஆர் அதைப் பெருக்கிக் கொடுத்துவிடும். புரோட்டீனாக மாற்றிப் பாருங்கள். நடுவில் ஸ்டாப் கோடான் (புரோட்டீன் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து) வந்தால் நம்ட்.

மலர் முதுகுளத்தூர்
தூரம் 0.58. ஸ்டாப் கோடான் நிறைய வருகிறது. 20லும்.

நியூக்ளியஸ்
சொன்னேனா! நம்ட்.

ஏடிஜிசி
இருபதுமா? கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள். மெகாவில் கோடான் அட்டவணை ஸ்டாண்டர்டில் கிடக்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அட்டவணை வேறு. டிஜிஏ அங்கே ஸ்டாப் இல்லை, டிரிப்டோஃபான். ஏஜிஏவும் ஏஜிஜியும்தான் ஸ்டாப் ஆகும். இளங்கலைப் பாடம் இது. அட்டவணையை மாற்றி, மூன்று ஃப்ரேமிலும், அதாவது முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். 0.58 என்ற எண்ணைப் பார்த்தும் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா? மனிதனுக்கும் அயிரைக்கும் நடுவேகூட சிஓஐ அவ்வளவு மாறாது.

மடைவாயன்
அண்ணே, பிள்ளைக்கு வைவா. பாடத்தைச் சொல்லுங்க, திட்டை அப்புறம் வைச்சுக்கலாம்.

தொண்டிக்காரன்
சந்தையில் வாங்கின ரெண்டையும் டிஎன்ஏ எடுக்காமல் குழம்பு வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. உயிரோடு பாலில் விட்டால் வயிற்று மண்ணையெல்லாம் கக்கிவிடும்.

மடைவாயன்
பாலா? யார் வீட்டில்? மோர்தான். மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி எடுத்துவிட்டு, கடைசியில் மோர்.

தொண்டிக்காரன்
மோரில் விட்டால் புளிப்பு ஏறும்.

மடைவாயன்
புளிக்குழம்பில் போடுகிற மீனுக்குப் புளிப்பு ஏறினால் என்ன? கடற்கரைக்காரருக்கு அயிரை என்ன தெரியும், உங்களுக்கு நகரையும் ஊளியும்தான்.

நியூக்ளியஸ்
எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால். சண்டைக்கு வராதீர்கள்.

மடைவாயன்
அது போகட்டும், ஒரு விஷயம். சந்தை அயிரை எல்லாம் நம்ம கண்மாய் அயிரை என்று யாரும் நம்பாதீங்க. பஞ்ச காலத்தில் நம்ம கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அப்பவும் சந்தையில் அயிரை துள்ளும். வண்டியில் வருவதுதான்.

மலர் முதுகுளத்தூர்
அட்டவணை மாற்றினேன். 14இல் ஸ்டாப் போய்விட்டது. மங்கலம் 6இல் மட்டும் இன்னும் இருக்கிறது, எந்த ஃப்ரேமிலும் போகவில்லை. அப்போது அது நம்ட்தானே?

பரமக்குடி சித்ரா
அவசரப்படாதீர்கள். அந்த ஆறு கோப்பின் பெயரும் எஃப் (ஃபார்வர்டு) என்று முடிகிறதா, ஆர் (ரிவர்ஸ்) என்றா?

மலர் முதுகுளத்தூர்
ஆர். அந்த பேட்ச்சுக்கு எஃப் ஓடவில்லை, ஆர் மட்டும் போதும் என்று லேபில் சொன்னார்கள். மற்ற 14க்கும் எஃப் மட்டும்தான் எடுத்தேன். அது முக்கியமா?

ஏடிஜிசி
முக்கியமா.

பரமக்குடி சித்ரா
அதுதான் விஷயம், மலர். ரிவர்ஸ் பிரைமர் டிஎன்ஏவின் எதிர் இழையைப் பின்னாலிருந்து படிக்கும். திருப்பிப் போட்டு, ஏவுக்கு டி, ஜிக்கு சி என்று மாற்றினால்தான் மற்றவற்றோடு பொருந்தும். மெகாவின் அலைன்மென்ட் ஜன்னலில் டேட்டா மெனுவில் ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் என்று இருக்கிறது. அந்த ஆறையும் தேர்ந்தெடுத்து அதை அழுத்துங்கள், மறுபடி அலைன் செய்யுங்கள். மாஃப்ட் மென்பொருளில் திசையைத் தானே சரி செய்துகொள்ளும் வசதியும் உண்டு.
ஆறும் ஒரே கண்மாய், ஒரே பேட்ச். அதனால்தான் ஊர் வித்தியாசம் மாதிரி தெரிந்தது.
இன்னொன்று. ஒரே இனத்துக்குள், அதுவும் மழை பெய்தால் கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கே மீன் போகிற ஊரில், மரத்தைவிட ஹாப்லோடைப் (ஒரே மாதிரியான டிஎன்ஏ வரிசை) நெட்வொர்க் நன்றாகச் சொல்லும். பாப்ஆர்ட் மென்பொருளில் போடலாம். சிஓஐ தாய்வழி மட்டும்தான். கண்மாய்க்கு 6 மீனை வைத்துக்கொண்டு ‘தனி இனத்தொகை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வெளித் தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

தொண்டிக்காரன்
அப்போ இலங்கை இல்லையா?

மலர் முதுகுளத்தூர்
திருப்பினேன். ஆறும் மற்ற கண்மாய் மீன்களோடு கலந்துவிட்டது. மங்கலத்தில் 4, எங்கள் ஊரில் 3, ஒரே ஹாப்லோடைப். சந்தை மீனில் ஒன்று மட்டும் 0.06 தள்ளி நிற்கிறது. அது எஃப்தான், ஸ்டாப்பும் இல்லை. எடுத்துவிடவா? எல்லோருக்கும் நன்றி.

பரமக்குடி சித்ரா
எடுக்காதீர்கள்! 6 சதவீதம் சும்மா வராது. எந்தச் சந்தை? உடம்பு பாட்டிலில் இருக்கிறதா, துடுப்புத் துண்டு மட்டும்தானா?

ஏடிஜிசி
அந்த ஒன்றின் குரோமடோகிராமை இங்கே போடுங்கள். நானே பார்க்கிறேன்.

மடைவாயன்
வியாபாரியிடம் வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டுச் சொல்லும்மா.

தொண்டிக்காரன்
இலங்கைதான்.

பரமக்குடி சித்ரா
(புதன்கிழமை) மலர், வைவா முடிந்ததா? அந்த மீனைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?