பக்கவாதம் வந்த அம்மாவைச் சென்னையிலிருந்து மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும்: எந்த ரயில், எப்படிப்பட்ட அறை?

பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலவீனமாகிவிட்டன. பிசியோதெரபி விடாமல் நடக்கிறது. இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்கிறார், வீட்டுக்குள் நாலைந்து அடி வைக்கிறார், அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். ஒரு படி என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஏற்றிவிடுவோம், நாலு படி என்றால் முடியாது.

தை மாதம் மதுரையில் பெரியம்மா பேத்தியின் கல்யாணம். அம்மா பிறந்து வளர்ந்த ஊர் அது. கல்யாணத்தைவிட மீனாட்சியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, ஆனால் கேட்டால் "நான் வந்தா உங்களுக்குத்தான் சிரமம், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். நானும் தம்பியும் கூட இருப்போம்.

ரயிலா, காரா, விமானமா என்றே இன்னும் முடிவாகவில்லை. லாட்ஜ்களுக்குப் போன் செய்தால் எல்லோருமே "லிஃப்ட் இருக்கு மேடம், எல்லா வசதியும் இருக்கு" என்கிறார்கள். நம்பலாமா? என்னுடைய பெரிய பயம் கழிப்பறை. இப்படி யாரையாவது அழைத்துப்போய் வந்தவர்கள், அல்லது நீங்களே சக்கர நாற்காலியில் பயணம் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்_திருச்சி:

வணக்கம் சகோதரி. எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ, சக்கர நாற்காலியில்தான் எல்லா ஊருக்கும் போய்வருகிறேன். உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. எந்த வண்டி, எந்த ஓட்டல் என்று ஆரம்பிக்காமல், கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பி வரும்வரை அம்மா ஒவ்வொரு தடவையும் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பயணத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

லாட்ஜில் "வசதி இருக்கா" என்று கேட்கவே கூடாது. இருக்கு என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை, லிஃப்ட் இருந்தால் போதும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த லிஃப்டுக்குப் போக வாசலில் நாலு படி இருக்கும். அதனால் அளவைக் கேளுங்கள். சீட் 18 அங்குலம் உள்ள சாதாரண மடக்கு நாற்காலி, சக்கரத்தோடு சேர்த்து 25, 26 அங்குலம் வரும், ஆனால் நிறைய லாட்ஜ்களில் பாத்ரூம் கதவு 24 அங்குலம்தான். முதலில் உங்கள் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் ரிசப்ஷனில் இருக்கும் பையனிடம் பாத்ரூம் கதவில் டேப் வைத்து அளந்து, வாசல் படிகளையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப யோசிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

"படிக்கு ஒரு பலகை போட்டுடறோம்" என்று சொன்னாலும் உஷார். சாய்வுதளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி, அதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்வு. ஆறடிப் பலகையைச் சாய்த்துவைத்து அதில் அம்மாவைத் தள்ளுவது ஆபத்து.

சரி, ரயில். என் ஓட்டு ரயிலுக்குத்தான். எழும்பூரிலிருந்து மதுரைக்கு வண்டி நிறைய இருக்கிறது, ஆனால் உங்களுக்கு முக்கியம் வேகம் இல்லை, வண்டி எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்பதுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸ், தேஜஸ் இரண்டும் எழும்பூரில் கிளம்பி மதுரையிலேயே முடிகிறவை. ஏறவும் இறங்கவும் நிதானமாக நேரம் கிடைக்கும், எல்லோரும் இறங்கிய பிறகு நீங்கள் மெதுவாக இறங்கலாம். மதுரையைத் தாண்டி நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற வண்டி மதுரையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் அம்மா, நாற்காலி, பெட்டி எல்லாம் இறங்கியாக வேண்டும். வந்தே பாரத்தில் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கழிப்பறை இருக்கிறது, கதவருகே தானாக நீளும் படியும் உண்டு, அது பெரிய வசதிதான். ஆனால் அதுவும் மதுரையில் முடிகிற வண்டி இல்லை. அம்மா நாலைந்து அடி வைப்பார் என்பதால், அந்த அகலக் கழிப்பறையைவிட இறங்க நேரம் கிடைப்பதுதான் அவருக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நாற்காலியைவிட்டு எழவே முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும்.

எந்த வண்டியானாலும் சாதாரண சக்கர நாற்காலி பெட்டிக்குள் நடைபாதையில் நுழையாது. கதவுக்குப் பக்கத்து இருக்கையாக இருந்தால் அம்மா நடக்க வேண்டிய தூரம் குறையும். ஸ்டேஷனில் நாற்காலி வேண்டுமென்றால் துணை நிலைய மேலாளர் அறையில் கேளுங்கள், முந்தின நாளே ரயில்வே உதவி எண் 139-இல் சொல்லியும் வையுங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் எந்த வாசல் வழியாகப் போனால் படியில்லை என்று தம்பி ஒருநாள் முன்னாடி போய்ப் பார்த்து வந்துவிடட்டும்.

கோவை_பிசியோ:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்கிறவள், தூக்குவது, பிடிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், யாரும் அம்மாவின் இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலவீனமான பக்கத்துத் தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் பிடிமானம் இருக்காது, இழுத்தால் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். கல்யாண வீட்டில் பாசத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்குகிற மாமாக்கள் நிறைய இருப்பார்கள், அவர்களிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். இடுப்பில் கட்டுகிற கைப்பிடி வைத்த பெல்ட் மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது, அதைப் பிடித்து எழுப்பப் பழகுங்கள். பயணத்தன்று முதல்முறையாகக் கட்டாமல் இன்றிலிருந்தே வீட்டில் கட்டிப் பழகுங்கள்.

இடம் மாறும்போது நல்ல பக்கத்தை நோக்கி மாறுவது சுலபம். நம் ஊர்க் காரில் முன்னால் இடதுபக்க இருக்கை அம்மாவுக்கு ஏறுவதற்கு நல்லது. நாற்காலியை வண்டியை ஒட்டி, அதன் முகம் பார்க்கிற திசையிலேயே நிறுத்தினால் அம்மாவின் வலது பக்கம் இருக்கையை ஒட்டி இருக்கும். ஆனால் இறங்கும்போது இடது பக்கமாக, அதாவது பலவீனமான பக்கமாக இறங்க வேண்டியிருக்கும், அதனால் இறக்கும்போது இரண்டு பேர் கண்டிப்பாக வேண்டும். தவிர்க்க முடியாத படி வந்தால், ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் பலவீனமான கால். இதை அம்மாவுக்கே சொல்லிக்கொடுங்கள், அவர் உங்களுக்குக் கட்டளை போடட்டும்.

இன்னொன்று, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் தாகமே இல்லை என்பார்கள். பக்கவாதம் வந்தவருக்கு உடம்பில் தண்ணீர் குறைவது நல்லதல்ல, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வேறு வரும். பயணத்தன்று மட்டும் டயப்பர் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பேசிப் பாருங்கள், அவர் சம்மதித்தால் மட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

வைகைக்கரை:

அக்கா, நான் மதுரைதான். அம்மா நம்ம ஊர் என்று கேட்டதும் சந்தோஷம், கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள்.

தை மாதம் என்கிறீர்கள், அதனால் தேதியை நல்லா யோசித்துக்கொள்ளுங்கள். பொங்கல் வரைக்கும் ஐயப்ப பக்தர்களும் மேல்மருவத்தூர் போகிறவர்களும் வந்து கோயில் நிரம்பி வழியும். அப்புறம் தைப்பூசத்தை ஒட்டித் தெப்பத்திருவிழா வரும், அன்றைக்கு அம்மனும் சுவாமியும் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள், கோயில் நடை சாத்தியிருக்கும். வெளியூரிலிருந்து வந்து அன்றைக்கு ஏமாந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் வேண்டாம். சாதாரண நாளில் காலையில் நடை திறந்ததும் வந்துவிடுங்கள், மதியம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

கோயிலுக்குள்ளே பிராகாரங்கள் சமதளம்தான், பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியும் நாற்காலியில் போய் வரலாம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிரமம் நிலைவாசல்களில்தான், ஒவ்வொரு சன்னதிக்கும் உயரமான கல் நிலைப்படி உண்டு. அங்கே முன்சக்கரத்தை லேசாகத் தூக்கித் தாண்ட வேண்டும், தம்பி கூட இருப்பது நல்லது. தெருவில் ஓட்டிய நாற்காலியை உள்ளே விடத் தயங்கினால் சண்டை போட வேண்டாம், கோயில் நாற்காலியைக் கேளுங்கள். கோயில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து எந்த வாசலில் படி குறைவு, நாற்காலி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டால் நாலு கோபுரத்தையும் சுற்றி அலைய வேண்டியதில்லை.

திருப்பரங்குன்றம் ஆசைப்பட்டால் கொஞ்சம் யோசியுங்கள், அது குடைவரைக் கோயில், மண்டபத்துக்கு மண்டபம் படியேறித்தான் சன்னதி. முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் பழமுதிர்சோலை பரவாயில்லை, மலைமேல் கோயில் அருகே வரை வண்டி போகும், வழியிலேயே அழகர்கோயிலும் வந்துவிடும்.

கல்யாண மண்டபத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! பந்தி எந்தத் தளத்தில் என்று முதலில் கேளுங்கள். பல மண்டபங்களில் மேலே முகூர்த்தம், கீழே சாப்பாடு, நடுவில் படி மட்டும்தான். மணமேடையும் நாலு படி உயரத்தில் இருக்கும், பொண்ணும் மாப்பிள்ளையும் கீழே இறங்கி வந்து அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளட்டும் என்று பெரியம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கழிப்பறை பெரும்பாலும் இந்திய முறையாகத்தான் இருக்கும். மணமகள் அறையில் வெஸ்டர்ன் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கேளுங்கள்.

பெரம்பூர்க்காரி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கை பிடித்து இழுக்கிற மாமாக்கள் என்றதும் யார் யார் என்று பெயர் சொல்லிச் சிரித்தார். டயப்பர் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது, அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிட்டேன்.

இரவு ரயில் என்றால் அவர் படுத்துக்கொண்டு வரலாமே என்று தோன்றுகிறது. பாண்டியனா, தேஜஸா? கட்டணச் சலுகை ஏதாவது கிடைக்குமா? விமானம் சரிப்படவே படாதா?

சக்கரம்_திருச்சி:

தேஜஸ் பகல் வண்டி, ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், முழுக்க உட்கார்ந்தே வர வேண்டும். பாண்டியனில் படுக்கலாம், ஆனால் ராத்திரித் தூக்கத்தில் ஓடும் வண்டியில் எழுந்து கழிப்பறை போவது அம்மாவுக்குக் கஷ்டம். வீட்டில் அவர் ராத்திரி எழுவாரா என்று பாருங்கள். எழாமல் தூங்குகிறவர் என்றால் பாண்டியன், எழுகிறவர் என்றால் தேஜஸ். கையில் பணம் இருந்தால் பாண்டியனில் முதல் வகுப்பு ஏசி, கதவைச் சாத்திக்கொள்ளும் அறை என்பதால் படுக்கையிலேயே பெட்பேன் வைத்துக்கொள்ள மறைவு கிடைக்கும். இரண்டு ஏசி, மூன்று ஏசி என்றால் 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, அதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், பொங்கல் சமயம் என்பதால் திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

சலுகை விஷயம், மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகை தனி, அது இருக்கிறது. சாதாரண எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஸ்லீப்பர், மூன்று ஏசிக்கு 75 சதவீதம், இரண்டு ஏசி, முதல் ஏசிக்கு 50 சதவீதம், கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. அரசு மருத்துவரின் சான்றிதழ் வாங்கி ரயில்வேயின் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் எடுக்கும், இந்தப் பயணத்துக்கு வராவிட்டாலும் அடுத்ததற்கு உதவும், இப்போதே ஆரம்பியுங்கள். பாண்டியனில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பெட்டியும் உண்டு, அகலக் கதவு, பிடிமானக் கம்பியோடு பெரிய கழிப்பறை. ஏசி கிடையாது, வண்டியின் கோடியில் இருக்கும்.

விமானம் சரிப்படாது என்று சொல்ல மாட்டேன். சென்னை-மதுரை வழியில் சின்ன ஏடிஆர் விமானங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு ஏரோபிரிட்ஜ், அதாவது கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் போகிற பாலம், கிடையாது, படியேறித்தான் போக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே "சக்கர நாற்காலி வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல் "படி ஏற முடியாது" என்று தெளிவாகச் சொல்லிப் பதிய வையுங்கள். அதற்குத் தனிக் குறியீடு உண்டு. 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். வெறுமனே நாற்காலி என்று பதிந்தால், தூரம் நடக்க முடியாதவர், படி ஏறுவார் என்று எடுத்துக்கொண்டு விமானத்தின் படி வரை தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

கோவை_பிசியோ:

டயப்பர் வேண்டாம் என்றால் மடக்கு கமோடு நாற்காலி எடுத்துப்போங்கள், லாட்ஜில் ராத்திரி கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பாத்ரூம் கதவு குறுகலாக இருந்தாலும் கவலையில்லை. குளிக்க ஒரு கனமான பிளாஸ்டிக் நாற்காலியை லாட்ஜிலேயே கேளுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.

வைகைக்கரை:

டாக்சி சொல்லும்போது சிஎன்ஜி வண்டி வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. டிக்கியில் சிலிண்டர் இருக்கும், நாற்காலியை மடித்தாலும் வைக்க முடியாது. பெரிய வண்டி என்று இன்னோவா எடுக்கிறார்கள், அதில் ஏற உயரம் அதிகம், எர்டிகா மாதிரி வண்டி அம்மாவுக்குச் சௌகரியம்.

சித்திரை வீதிகளுக்குள் கார் வராது. ஆவணி மூல வீதிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கோயிலுக்குள் செல்போனும் கொண்டுபோக முடியாது, 2018-லிருந்து தடை. அதனால் வண்டி எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை டிரைவரிடம் இறங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள், அவர் நம்பரை ஒரு தாளில் எழுதித் தம்பி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.