‘டிரோன் வழியொழுங்கு’: ஒரு கலைச்சொல் பரிந்துரை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேலே டிரோன்கள் ஒன்றோடொன்று மோதாமலும் விமானங்களுக்கு இடையூறு தராமலும் பறக்க வகைசெய்யும் ஏற்பாட்டுக்கு ‘ஆளில்லா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு’ என்னும் தொடர் முன்வைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள ‘கட்டுப்பாடு’ அந்த ஏற்பாட்டின் இயல்பையே மாற்றிக் காட்டிவிடும் என்று அஞ்சுகிறேன்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதையில் இறங்க வரும் விமானியோடு கட்டுப்பாட்டு அலுவலர் வானொலியில் பேசுகிறார். விமானியும் அவர் சொல்லுக்கு இணங்கி நடக்கிறார். அங்கே அச்சொல் பொருந்துகிறது. டிரோன்களை அவ்வாறு ஒவ்வொன்றாகப் பேசி நடத்த ஆள் போதாது, இடமும் போதாது. விமானங்களுக்கிடையே பொதுவாகக் காக்கப்படும் செங்குத்து இடைவெளி 1000 அடி. மலேசியாவில் தனி அனுமதியின்றி டிரோன் பறக்கக்கூடிய உச்சமோ 400 அடிதான். அதாவது இரண்டு விமானங்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடத்தில் பாதிகூட இல்லாத ஓர் அடுக்குக்குள் எல்லா டிரோன்களும் அடங்கியாக வேண்டும். கோலாலம்பூரில் அந்த உயரம் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அங்கே கட்டடங்கள் ராடாரை மறைக்கின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்து இருப்பிடத்தைப் பிழையாகக் காட்டுகிறது. மூலை திரும்பும் காற்று திடீரென வலுக்கிறது.

ஆகவே 2015 முதல் நாசா சோதித்த முறை வேறு வழியில் செல்கிறது. தன் டிரோன் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை இருக்கும் என்பதை இயக்குபவர் முன்கூட்டியே கணினி வழியாக அறிவிக்கிறார். அதே வான்பகுதியை அதே நேரத்துக்கு மற்றொருவர் கேட்டிருந்தால், இரண்டும் தரையை விட்டு எழும் முன்பே ஒருவரின் வழியோ நேரமோ மாற்றப்படுகிறது. நோயாளியை ஏற்றிவரும் ஹெலிகாப்டர் குறுக்கிட்டால் அப்பகுதி மூடப்பட்டு, பறந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்குச் செய்தி போகிறது. 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளும் இதே போக்கில் அமைந்தவை. ஒருவர் ஆணையிட்டு மற்றவர் கட்டுப்படுவதைவிட, எல்லோரும் தம் வழியை முன்னரே சொல்லி, ஒருவருக்கொருவர் விலகிச் செல்வதே இதன் அடிப்படை. ‘கட்டுப்பாடு’ என்பதைவிட ‘மேலாண்மை’ இதற்குப் பொருந்தும். ஆயினும் நீர் மேலாண்மை, கழிவு மேலாண்மை என எதற்கும் ஒட்டிக்கொள்வதால் எதையும் கூர்மையாகச் சொல்வதில்லை.

‘ஆளில்லா’ என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆள் தரையில் இருக்கிறார். சட்டம் அவரைத்தான் பிடிக்கிறது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் காவடிகளும் பால்குடங்களும் நெருக்கியடித்து நகரும் சாலைக்கு மேலே ஒரு டிரோன் நின்றால், கீழே இருப்பவருக்கு ஒதுங்க ஓர் அடி இடமும் கிடையாது. ஆயிரம் பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு 150 மீட்டருக்குள் படம்பிடிக்கும் டிரோனை அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்று நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு வான் போக்குவரத்து விதிகள் சொல்வது இதற்காகவே. பொறுப்பாளரைக் கண்ணிலிருந்து மறைக்கும் அடைமொழி பாதுகாப்பைப் பற்றிய ஒரு சொல்லில் இடம்பெறுவது தகாது. ‘டிரோன்’ நம் பிள்ளைகளுக்கும் நாளிதழ்களுக்கும் பழகிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும்.

உயரத்தைக் குறிக்க முதலில் ‘தாழ்வான்’ என்று எண்ணிப் பார்த்தேன். அது வினைமுற்றாக ஒலித்து, ‘அவன் தாழ்ந்துபோவான்’ என்று பொருள் தருகிறது. ‘கீழ்வான்’ கிழக்கு வானத்துக்கு உரியது. இரண்டையும் விட்டுவிடலாம்.

‘டிரோன் வழியொழுங்கு’ என்பதே என் பரிந்துரை. ‘ஒழுங்கு’ என்பது வரிசையையும் குறிக்கும், பலர் சேர்ந்து காக்கும் முறைமையையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் சிறு சந்து ‘ஒழுங்கை’ எனப்படுவதும் இதற்கு அணுக்கமாக நிற்கிறது. இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கின்றன: இச்சேவையைத் தருபவர் ‘வழியொழுங்குச் சேவையாளர்’, புறப்படும் முன்பே மோதலைத் தவிர்ப்பது ‘முன்விலக்கம்’, அறிவித்த வழியிலிருந்து டிரோன் விலகுவது ‘வழிபிறழ்வு’, பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அது அலைவழி அறிவிப்பது ‘தொலையடையாளம்’.

கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பதற்கான விளக்கத்தை இவ்வாறு அமைக்கலாம்: ‘டிரோன் வழியொழுங்கு — தாழ்ந்த உயரத்தில் பறக்கும் டிரோன்களின் வழியையும் நேரத்தையும் இயக்குபவர்கள் முன்னறிவித்து, கணினி அமைப்புகள் ஒப்பிட்டு, மோதலின்றிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு.’ மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாக ‘மேலாண்மை’யை விரும்புவோர், தம் காரணங்களை எழுதுமாறு வேண்டுகிறேன்.