குடியை நிறுத்திய அண்ணனுக்கு வேலை: எங்கே தொடங்குவது, எதைச் சொல்வது?

தோபாயோ தங்கை:
அண்ணனுக்கு 43 வயது. முன்பு கிடங்கு மேற்பார்வையாளர். குடியால் அந்த வேலை போனது. சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் போதைப்பழக்கப் பிரிவான நாம்ஸில் சிகிச்சை எடுத்து, சில மாதமாகக் குடிக்காமல் இருக்கிறார். மருந்து தொடர்கிறது. வேலை தேடணும் என்று அவரே சொல்கிறார். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஃபோனை எடுக்கமாட்டார். "எடுத்தா என்னத்தச் சொல்றது?" என்கிறார். நேர்காணலில் இடைவெளியை எப்படி விளக்குவது? குடியைப் பற்றிச் சொல்லியே ஆகணுமா? செக்யூரிட்டி வேலை சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள், போகலாமா? சம்பளத்தை முழுசாகத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வேலைவழி:
தங்கச்சி, ஃபோனிலிருந்தே ஆரம்பிப்போம். "தைரியமா பேசுங்க" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு அட்டையில் நாலு வரி எழுதி ஃபோனோடு வைக்கச் சொல்லுங்க: பெயர், கடைசியாகப் பார்த்த வேலை, எப்போது சேர முடியும், எந்த நேரத்து ஷிஃப்ட் வேண்டும். நீங்களே வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, அதைப் படித்துப் பதில் சொல்ல வையுங்க. தடுமாறாமல் வரும்வரை தினமும் ஒருமுறை போதும். அழைப்பைத் தவறவிட்டால் அன்றே திருப்பிக் கூப்பிடணும். மறுநாள் கூப்பிடும்போது அந்த இடம் நிரம்பியிருக்கலாம்.

இடைவெளிக்கு மூன்று வாக்கியம் போதும். "உடல்நலக் காரணத்தால் சில மாதம் வேலையில் இல்லை. சிகிச்சை எடுத்தேன், இப்போது வேலை செய்யும் நிலையில் இருக்கிறேன். கிடங்கில் சரக்கு எடுப்பு, இருப்புக் கணக்கு எல்லாம் பழக்கம்." மூன்றாவது வாக்கியத்தில் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடணும். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். எதிரே இருப்பவர் சும்மா தலையாட்டினாலும் பதற்றத்தில் முழுக்கதையையும் கொட்டிவிடுவார்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்வதையும் சேர்த்துப் பழகச் சொல்லுங்க.

குடியைப் பற்றித் தானாக முன்வந்து சொல்லத் தேவையில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் மனநல விவரங்களை விண்ணப்பப் படிவத்தில் கேட்கக்கூடாது என்றுதான் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த இங்குள்ள முத்தரப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனால் ஃபோர்க்லிஃப்ட், லாரி, உயரத்தில் நின்று செய்யும் வேலை என்றால் உடல்நலக் கேள்வி நியாயமானது. அங்கே பொய் எழுதக்கூடாது. பின்னால் தெரியவந்தால் அந்தப் பொய்க்காகவே வேலையை விட்டு நீக்குவார்கள். முன்னாள் முதலாளிகளில் யாரையாவது பரிந்துரைக்குக் கேட்டால், கடைசி இடத்தை விட்டு அதற்கு முந்தைய இடத்து மேலாளரைப் போடுங்க. போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளணும்.

இன்னொன்று: அவரை நீக்கினார்களா, அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரா? வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டத்தில் 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் அதிகபட்சம் 1,500, பிறகு படிப்படியாகக் குறையும். தாமாக விலகியவர்களுக்குக் கிடையாது. வருமான வரம்பும் முன்பு வேலை செய்த காலக் கணக்கும் உண்டு. எனவே வேலைநீக்கக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்க. கையில் காசே இல்லையென்றால் இதற்காகக் காத்திருக்காமல் வீட்டுக்குப் பக்கத்துச் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மருந்துச்சீட்டு:
எந்த வேலை என்பதை முடிவு செய்யும் முன் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்க. வீட்டில் பெரும்பாலும் இதை யாரும் யோசிப்பதில்லை.

அகாம்ப்ரோசேட் என்றால் வழக்கமாக 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, தினம் மூன்று வேளை. மதிய வேளைதான் விட்டுப்போகும். ஃபோனில் அலாரம் வையுங்க, ஒரு நாளைக்கான மாத்திரை சாப்பாட்டுப் பையிலேயே இருக்கட்டும். நால்ட்ரெக்சோன் பெரும்பாலும் 50 மில்லிகிராம், ஒருவேளை. அது மார்ஃபின் வகை வலிநிவாரணிகளை வேலை செய்ய விடாது. வேலையிடத்தில் அடிபட்டு அவசரப் பிரிவுக்குப் போனால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும். டைசல்ஃபிராம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். சில வாய்கொப்பளிப்பு நீர், இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு.

அடுத்தது தூக்கம். குடியை விட்டபின் தூக்கம் சீராவதற்குச் சில மாதமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறி மாறி வந்தால் தூக்கம் குலையும். களைப்பும் பசியும் சேர்ந்த நேரத்தில்தான் குடிக்கும் ஆசை பலமாக வரும். அதனால் முதல் வேலை நிலையான பகல் ஷிஃப்டாக இருக்கணும். சம்பளம் இருநூறு வெள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

மருத்துவச் சந்திப்புக்கும் இப்போதே வழி பண்ணுங்க. புது வேலையில் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு 3 மாதம் முடிந்த பிறகுதான் தொடங்கும். அப்போது 5 நாள், 6 மாதம் ஆனதும் 14 நாள். முதல் மூன்று மாதத்துச் சந்திப்புகளை ஓய்வுநாளுக்கோ காலையில் முதல் நேரத்துக்கோ மாற்றித் தரும்படி கிளினிக்கில் கேளுங்க. கொடுக்கும் சீட்டில் கிளினிக்கின் பெயர் எப்படி வரும் என்றும் கவுண்டரில் கேட்டுவிடுங்க. அது தெரியாமல் பயந்துகொண்டே சந்திப்பைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

பூன்லே பாஸ்:
செக்யூரிட்டி பற்றி நான் சொல்றேன். சம்பளம் நல்லாத்தான் இருக்கு. முழுநேரப் பாதுகாவல் அதிகாரிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ல் 2,870, 2026ல் 3,090 வெள்ளி. ஆனா அது 12 மணி நேர ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் கணக்கு. ராத்திரி முழுக்க ஒத்தையா ஒரு சின்ன அறையில உட்கார்ந்திருக்கிறது இப்ப அவருக்கு ஆகாது. உரிமத்துக்குப் போலீஸ் சரிபார்ப்பும் உண்டு. பள்ளிக்கூடம், அலுவலகக் கட்டடம்னு பகல் ஷிஃப்ட் மட்டும் உறுதியாக் கிடைச்சா யோசிக்கலாம்.

தவிர்க்க வேண்டிய இடங்கள் வெளியே பார்த்தா தெரியாது. காப்பிக்கடையில மேசை துடைக்கிற வேலைன்னா பாதி குடிச்ச பீர் கிளாஸை எடுக்கிறதும் அந்த வேலைதான். மினிமார்ட், பெட்ரோல் நிலையக் கடைன்னா ராத்திரி 10.30 வரைக்கும் பீர் விற்கணும். பேரங்காடியில அலமாரி அடுக்குற வேலைன்னா பான வரிசை யார் பொறுப்புன்னு முன்னாடியே கேளுங்க. ஹோட்டல் விருந்து, உணவு விநியோகம் ரெண்டையும் இப்போதைக்கு விட்டுடுங்க. விநியோகத்துல நேரக் கட்டுப்பாடே இல்ல, காசு தினமும் கையில புரளும்.

வண்டி ஓட்டுற வேலை யோசிச்சா முதல்ல பழைய வழக்கு ஏதாவது இருக்கான்னு பாருங்க. குடிச்சிட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினாலே குறைஞ்சது 2 வருஷம் உரிமம் ரத்து. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ தடை வந்தா பரீட்சை எல்லாம் முதல்ல இருந்து எழுதணும்.

கிடங்கு அனுபவம் இருக்கே, அதை ஏன் விடணும்? மேற்பார்வையாளர் பதவிக்கு இப்ப போட வேண்டாம். சரக்கு எடுக்கிறவர், இருப்புக் கணக்கு உதவியாளர் இப்படிப் போடச் சொல்லுங்க. ஆளை மேய்க்கிற டென்ஷன் இல்லாம, ஒவ்வொரு நாளும் எண்ணி முடிக்கிற வேலை. அதுலதான் நம்பிக்கை திரும்பும். ஆள் எடுக்கிறவங்க முதல் மாசம் பார்க்கிறது நேரத்துக்கு வர்றாரா, சொல்லாம நிக்கிறாரா, இந்த ரெண்டுதான். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைஞ்ச பகுதிநேர வேலையிலகூட மத்திய சேம நிதி உண்டு. மாத வருமானம் 500க்கும் 3,000க்கும் இடையில இருந்து மத்த தகுதியும் இருந்தா, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசாங்கம் தர்ற வொர்க்ஃபேர் தொகை தானா வரும். அதனால பகுதிநேரம்னு தள்ளிடாதீங்க. மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலை இணையத்தளத்துல தேடுறதோட நிறுத்தாம, இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்துல வேலை ஆலோசகரை நேர்ல பார்க்கச் சொல்லுங்க.

தோபாயோ தங்கை:
ரொம்ப நன்றி. கடிதத்தைத் தேடி எடுத்துட்டேன், வேலைநீக்கம் என்றே இருக்கு. மாத்திரை டைசல்ஃபிராம்தான். உறவினர் ஒருவர் தன் சீ சார் (சீனப் பொரியல் வகை உணவு) கடை அடுப்படியில் உதவிக்கு வரச் சொல்றார். பகல் வேலைதான். போகலாமா? சம்பள விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

மருந்துச்சீட்டு:
வேண்டாம். சீ சார் சமையலில் சீனச் சமையல் மது வாணலிக்கு வாணலி போகும். ஆவி முகத்தில் அடிக்கும், ருசி பார்க்கச் சொல்வார்கள். டைசல்ஃபிராம் எடுப்பவருக்கு அது சரியான இடமில்லை. வேலைக்காக மாத்திரையை அவராக நிறுத்திவிடவும் கூடாது. உறவினர் மனம் கோணாமல் இருக்க, "மருந்துக்கு அடுப்படி ஒத்துக்காது" என்று உண்மையையே சொல்லலாம்.

வேலைவழி:
சம்பளத்தை முழுசாக அம்மாவிடம் கொடுப்பது முதல் மாதம் நன்றாகத்தான் தெரியும். இரண்டாம் மாதம் காப்பிக்கு ஒரு வெள்ளி கேட்டு நிற்க வேண்டிவரும், மூன்றாம் மாதம் சக ஊழியரிடம் கடன். அதற்குப் பதில் அவரே வங்கியில் இரண்டாவது கணக்கு திறக்கட்டும். சம்பளம் விழும் நாளிலேயே வீட்டு வாடகை, பில், அம்மாவுக்கான தொகை எல்லாம் தானாகக் கழிய ஏற்பாடு செய்யட்டும். மிச்சம் இரண்டாவது கணக்குக்குப் போய், அங்கிருந்து வாரம் ஒரு தொகை மட்டும் கைச்செலவுக்காகப் பழைய கணக்குக்கு வரணும். தொகையை அவர் முடிவு செய்யணும், நீங்க கணக்கைப் பார்க்கலாம். முதல் சம்பள நாள் மாலைக்கு முன்கூட்டியே ஒரு வேலை வைத்துக்கொள்வதும் அவசியம்: ஆதரவுக் குழுக் கூட்டம், கோயில், சமூக மன்றத்தில் பூப்பந்து, எதுவானாலும். அது வெள்ளிக்கிழமையாக வந்து, தேக்கா பக்கம் பழைய கூட்டாளிகள் கூப்பிட்டால் கஷ்டம்.

மருந்துச்சீட்டு:
ஒன்று விட்டுப்போச்சு. ஒருநாள் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்க. அன்று ஃபோர்க்லிஃப்ட், வண்டி எதையும் தொடக்கூடாது. ஷிஃப்டுக்கு முன்பே ஃபோன் பண்ணி வரமுடியாது என்று சொல்லணும், அப்புறம் நாம்ஸ் எண் 6732 6837. டைசல்ஃபிராம் இருக்கும்போது குடித்து, நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வேலைக்குப் போகணுமே என்று வீட்டிலேயே திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்கும் 995தான். ராத்திரி மனசு சரியில்லை, பேச ஆள் வேணும் என்றால் 1771, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எண்களை அவர் ஃபோனிலும் உங்க ஃபோனிலும் சேமித்து வையுங்க.