ரவுட்டர் மாற்றியவர்கள் வாருங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கணக்குப்பிள்ளை (ஈரோடு):

நானே ஆரம்பிக்கிறேன். எங்களுடையது சின்ன ஆடிட்டர் அலுவலகம். கம்ப்யூட்டர், லேப்டாப், பிரின்டர், கேமரா, ஆளுக்கொரு போன் என்று எந்நேரமும் இருபது இருபத்தைந்து சாதனங்கள் ஓடும். லைன் 200 எம்பிபிஎஸ். லைன் போட வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியே ரவுட்டர், அதுவே வைஃபை. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200 சுத்தமாக வரும். ஆனால் 20ஆம் தேதி நெருங்கி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் வேலை மும்முரமாகும்போது யாராவது ஒருவர் பெரிய பேக்கப்பை ஏற்ற ஆரம்பித்தால் போதும், மற்றவர்கள் திரையில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடியோ காலில் குரல் விட்டுவிட்டு வரும்.

300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறிவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஆபீஸ் பையன் ஒருவன் ஒரு சோதனை சொன்னான். 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் விட்டபடியே (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) ஒரு பெரிய ஃபைலை ஏற்றிப் பாருங்கள் என்றான். சும்மா இருக்கும்போது 15 மில்லி செகண்டுக்குள் வந்த பதில், அப்லோடு ஓடும்போது 600-ஐத் தாண்டியது. வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, பெட்டி தன்னிடமே குவித்து வைத்துக்கொள்கிறது. அவசரமான சின்ன பாக்கெட்டும் அந்தக் கும்பலுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். பஃபர்புளோட் என்பார்கள். 300-க்குப் போயிருந்தாலும் இந்தத் தொல்லை கூடவே வந்திருக்கும்.

அதனால் வாங்கும்போது வரிசையை ஒழுங்கு செய்யும் வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய பெட்டிகளில் அது எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கும். மைக்ரோடிக் கம்பெனிப் பெட்டிகளில், அவர்களுடைய ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளின் 7ஆம் பதிப்பு முதல் 'கேக்' என்ற முறை இருக்கிறது. அவர்களுடைய ஹெச்ஏபி ஏஎக்ஸ்2 வாங்கினேன்: நான்கு கோர் பிராசசர், 1 ஜிபி ரேம், ஐந்து கிகாபிட் போர்ட். லைன் வேகத்தில் 90 சதவீதத்தை எல்லையாக வைத்து கேக்கைப் போட்டதும், அப்லோடு ஓடினாலும் பிங் 30-க்குள் நிற்கிறது. அதற்காக விட்டுக்கொடுத்த 20 எம்பிபிஎஸ்ஸை யாரும் தேடவில்லை.

ஒன்று கவனியுங்கள். இந்த வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழும். மலிவான பெட்டிகள் தனி ஹார்டுவேர் உதவியால்தான் கிகாபிட்டைத் தாங்குகின்றன. வரிசை முறையைப் போட்டால் அந்த உதவி நின்று வேகம் படுத்துவிடும். அப்புறம், மைக்ரோடிக்கின் செட்டிங்குகளை மாற்றும் வின்பாக்ஸ் புரோகிராமைத் திறந்தால் முதலில் தலை சுற்றும். அதிலுள்ள பட்டன்களில் பத்தில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை, தொடுகிற உத்தேசமும் இல்லை.

மொட்டைமாடி (சென்னை):

நம்முடையது வீட்டுக் கதை. தரைத்தளத்தில் அப்பா அம்மா, மேலே நாங்கள். அட்டையில் ஏஎக்ஸ்5400 என்று கொட்டை எழுத்தில் போட்ட ரவுட்டரைக் கீழே ஹாலில் வைத்தோம். மேலே படுக்கையறையில் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை.

அந்த 5400 எங்கிருந்து வருகிறது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 4804, இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே இழுத்து 5400. எந்த போனும் இரண்டையும் கூட்டி வாங்காது. 4804 வேண்டுமென்றால் போனில் நான்கு ஆன்டெனா, 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் இரண்டும் வேண்டும். சாதாரணமாக போனில் இரண்டு ஆன்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸில் அது பேசுவது 1201, அதுவும் காகிதத்தில். நடுவில் கான்கிரீட் தளம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது.

கடைக்காரர் மெஷ் (கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி வைஃபையை நீட்டும் பெட்டிகள்) வாங்கச் சொன்னார். நடுவில் அதே தளம் இருக்கும்போது மெஷ் பெட்டிகள் மட்டும் எப்படி நன்றாகப் பேசிக்கொள்ளும்? பழைய டிவி கேபிள் போன பைப் வழியாக கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, மேலே வைஃபை தரும் சின்ன ஆக்சஸ் பாயின்ட் ஒன்று மாட்டச் சொன்னோம். மாட்டியாயிற்று. சிக்னல் முழுசாக இருக்கிறது, வேகமோ 94-ஐத் தாண்டவில்லை. பல தடவை போட்டும் அதே 94. அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது: 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கையில் கிடைப்பது அவ்வளவுதான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கே போதும் என்பதால் இணைப்பு சத்தமில்லாமல் கீழிறங்கிவிடும். கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பழுப்புக் கம்பி மட்டும் முனைவரை போகாமல் பாதியில் நிற்கிறது. வெட்டி, புது கனெக்டர் வைத்து கிரிம்ப் செய்ததும் 300 லைனுக்கு 290 வந்தது. அதற்குள் வீட்டில் ரவுட்டரையே திருப்பிக் கொடுக்கும் பேச்சு வந்துவிட்டது!

ஜெராக்ஸ் கடை (கும்பகோணம்):

அண்ணா, உங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது வேகப் பிரச்சினை. எனக்கு கேமரா. கடையில் உள்ள டிவிஆரை (கேமராப் பதிவுப் பெட்டி) வீட்டிலிருந்து பார்க்க, வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும் என்று நல்ல ரவுட்டராகவே வாங்கினேன். எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து திறக்கவில்லை. ரவுட்டரின் வான் முகவரி, அதாவது லைன் கம்பெனி அதற்குக் கொடுக்கும் முகவரி, 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரி வந்தால், நம் லைன் இன்னும் பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று அர்த்தமாம். இதற்குப் பெயர் சிஜிநாட். எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியை வைத்தாலும் அந்தக் கதவு நம் பக்கத்தில் இல்லை. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கே என்று மாறாத முகவரி ஒன்று, வாங்கிய பிறகுதான் திறந்தது.

அடுத்தது இரண்டு லைன். யூபிஐ வந்ததா என்று தெரியாமல் வாடிக்கையாளரை அனுப்ப முடியாது. டிபி-லிங்க் இஆர்605 போட்டேன். வைஃபை கிடையாது, வெறும் கம்பி ரவுட்டர். ஆனால் ஒரு லைன் விழுந்தால் மற்றதற்குத் தானாக மாறும். இரண்டும் ஃபைபர். ஒருநாள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டினார்கள், இரண்டும் ஒன்றாகப் போயின. இரண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்திலிருந்து ஒரே பள்ளம் வழியாக வந்திருக்கின்றன. இப்போது இரண்டாவது லைனுக்கு 4ஜி சிம் பெட்டி.

கேபிள்காரன் (மதுரை):

நெட்வொர்க் வேலைதான் எனக்குப் பிழைப்பு. ஜெராக்ஸ் கடைத் தம்பி, ஸ்டாட்டிக் ஐபி வாங்கி டிவிஆரை நேராக வெளியே திறந்து வைக்காதே. ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் (சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனி வழி) இருந்தால் அதன் வழியாக உள்ளே போய்ப் பார். இஆர்605-இல் இருக்கிறதா என்று உன் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் (ஃபர்ம்வேர்) பதிப்பைப் பார்த்துக்கொள்.

ஆடிட்டர் சாருக்கும் ஒன்று. 2018 ஏப்ரலில் மைக்ரோடிக் வின்பாக்ஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தது. உடனே திருத்தமும் வந்தது. ஆனால் அப்டேட் செய்யாமல் விட்ட ரவுட்டர்களை அதே ஆண்டு ஆகஸ்டில், முதலில் பிரேசிலில், லட்சத்துக்கு மேல் பிடித்து, அவற்றின் வழியாக இணையம் பார்ப்பவர்களின் கம்ப்யூட்டரில் கிரிப்டோ காசு தோண்டவிட்டார்கள். வின்பாக்ஸ் உள் வலைக்குள் மட்டும் திறக்கட்டும். பழைய கேமராக்களைத் தனி விலானில் (அதே வலைக்குள் பிரித்து வைக்கும் தனிப் பகுதி) போடுங்கள்; உங்களிடம் ஊரார் பான் எண்ணெல்லாம் இருக்கிறது.

கடைக்குப் போய் "பெரிய ரவுட்டர் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: எத்தனை பேர் என்றல்ல, எப்போது, எங்கே உட்கார்ந்து, என்ன செய்யும்போது மாட்டுகிறது? பக்கத்தில் நின்றாலும் மாட்டினால் வைஃபை மேல் பழி போடாதீர்கள். ஒரே அறையில் மட்டும் என்றால் ரவுட்டரை விட்டுவிட்டு கேபிள் இழுங்கள். வைஃபை 7 கேட்டு வருகிறவர் வீட்டில் அதைப் பேசும் சாதனம் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பணத்தில் நல்ல கேட்6-உம் கரண்ட் போனால் தாங்கும் 12 வோல்ட் யூபிஎஸ்ஸும் வாங்கலாம்.

சொந்த ரவுட்டர் வைக்கிறவர்கள், கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இணையத்தை அப்படியே நம் ரவுட்டருக்குக் கடத்திவிடும் நிலைக்கு, மாற்றச் சொல்லுங்கள். லைனில் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் லைன்மேன் படியிறங்குவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் போனில் பிடிப்பது குதிரைக்கொம்பு.

மொட்டைமாடி (சென்னை):

அண்ணா, பிரிட்ஜ் போட்டால் அப்பாவின் லேண்ட்லைன் போய்விடுமா? அவர் அதில்தான் பேசுவார்.

கேபிள்காரன் (மதுரை):

பெரும்பாலும் போகாது. போனுக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே தனி விலான் இருக்கும், இணையத்தை மட்டும்தான் பிரிட்ஜ் செய்வார்கள். போன் ஒயரைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், புது ரவுட்டருக்கு மாற்றாதீர்கள். லைன்மேன் இருக்கும்போதே அப்பாவை ஒரு கால் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.