"ஷுட் ஆல்வேஸ்" சரியா, "ஆல்வேஸ் ஷுட்" சரியா? மோடலுக்கும் வினைக்கும் நடுவே வினையடை

பனங்காட்டுநரி கேட்டது:

பம்புசெட் ஒன்றின் இயக்கக் கையேடு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. திருத்தியவர் வினையடைகளை எல்லாம் இடம் மாற்றிவிட்டார். மூன்று இடங்களில் சந்தேகம்.

1. "யூ ஷுட் ஆல்வேஸ் வேர் க்ளவ்ஸ்" என்பது "யூ ஆல்வேஸ் ஷுட் வேர் க்ளவ்ஸ்" ஆகியிருக்கிறது. மோடலையும் (ஷுட், மஸ்ட், கேன், வில் போன்ற துணைவினை) வினையையும் பிரிக்கக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். அப்படி ஒரு விதி உண்டா?

2. "த ஃபில்டர் மஸ்ட் பி கேர்ஃபுல்லி க்ளீன்ட்", "மஸ்ட் கேர்ஃபுல்லி பி க்ளீன்ட்": எது?

3. "த மோட்டார் வோன்ட் ப்ராபப்ளி ஸ்டார்ட்" என்பதைத் தப்பு என்று அடித்திருக்கிறார். ஏன் என்று எழுதவில்லை.

இடைச்செருகல் பதில் சொன்னது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். அப்படி ஒரு விதி இல்லை. நேர்மாறாக, மோடலுக்கு அடுத்த இடம்தான் "ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ஆல்சோ, ப்ராபப்ளி" போன்றவற்றுக்கு இயல்பான இருக்கை. நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், வினைக்கு முன்னால் வரும் "டு" வையும் அந்த வினையையும் பிரிக்காதே என்று 19ஆம் நூற்றாண்டில் கிளம்பிய ஓர் ஆட்சேபம். அதை யாரோ துணைவினைகளுக்கும் நீட்டிவிட்டார்கள். அகராதியாசிரியர் ஃபவ்லர் தன் 1926 ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியிலேயே இதை ஒதுக்கித் தள்ளிவிட்டார். ஆனாலும் அமெரிக்கப் பத்திரிகை உலகில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு தன் அறிவுரையைத் தளர்த்தியது 2019இல்தான்.

இதில் வேடிக்கை, அமெரிக்க அதிபரின் பதவிப் பிரமாணமே இந்த "விதியை" மீறுகிறது. அரசியலமைப்பில் உள்ள வாசகம் "ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்". 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒபாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது "ஃபெய்த்ஃபுல்லி"யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா ஒரு கணம் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடி பிரமாணம் எடுத்தார்கள். பிரிக்கக் கூடாது என்ற பழைய பயம்தான் நீதிபதியின் நாக்கைப் புரட்டியது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். அது அவருடைய ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

"ஆல்வேஸ் ஷுட்" பிழை அல்ல. அதில் அழுத்தம் "ஷுட்" மேல் விழும். "போடணுமா என்ன?" என்று ஒருவர் இழுக்கும்போது "போட்டே ஆகணும்" என்று சொல்லும் தொனி. கையேட்டில் யாரும் வாதாடப் போவதில்லையே.

ஒற்றுப்பிழை:

இரண்டாவது: "மஸ்ட் பி கேர்ஃபுல்லி க்ளீன்ட்".

துணைவினை (மஸ்ட், பி, ஹேவ் போன்றவை) ஒன்றுக்கு மேல் வரும்போது, வினையடை எந்த வகை என்று பாருங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நிச்சயம், ஏற்கெனவேயா என்று சொல்பவை முதல் துணைவினைக்கு அடுத்து. எப்படிச் செய்வது என்று சொல்பவை முதன்மை வினையை ஒட்டி. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் தெளிவாகத் தெரியும்: "த வால்வ் ஷுட் ஆல்வேஸ் பி டைட்லி க்ளோஸ்ட்". நீளமான சங்கிலி என்றால் "த சீல் மே ஆல்ரெடி ஹேவ் பீன் பேட்லி டேமேஜ்ட்". "ஆல்ரெடி"யையும் "பேட்லி"யையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள், காதே சொல்லிவிடும். "குட் ஈஸிலி ஹேவ்", "குட் ஹேவ் ஈஸிலி" போல இரண்டு பக்கமும் பொருந்துபவையும் உண்டு. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

செய்வினையில் "எப்படி" வகை பெரும்பாலும் கடைசியில்: "யூ மஸ்ட் டைட்டன் த போல்ட் ஃபர்ம்லி". செயப்படுபொருள் ஒன்றரை வரி நீளம் என்றால் வினையடையை நடுவில் வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் வாக்கியத்தின் வாலில் அது தொலைந்துபோகும். எப்படியானாலும் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே சொருகாதீர்கள். "டைட்டன் ஃபர்ம்லி த போல்ட்" தப்பு.

நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று. "வேகமாக ஓட வேண்டும்" என்ற வரிசையை அப்படியே பெயர்த்து "மஸ்ட் ஃபாஸ்ட் ரன்" என்பார்கள். "ஃபாஸ்ட், ஹார்ட், எர்லி" மூன்றும் இப்படி நடுவில் உட்காராது, வினைக்குப் பின்னால்தான். "ஹார்ட்"டை நடுவில் பொருத்துவதற்காக "ஹார்ட்லி" ஆக்கினால் பொருளே கவிழும்: "கேன் ஹார்ட்லி வொர்க்" என்றால் வேலை செய்யவே முடியாத நிலை. "வெல்"லும் அப்படித்தான். "மஸ்ட் பி வெல் ஆயில்ட்" என்றால் நன்றாக எண்ணெய் போட வேண்டும், ஆனால் "த பம்ப் மே வெல் ஃபெயில்" என்றால் பம்பு பழுதாக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நடுப்புள்ளி:

மூன்றாவதில் திருத்தியவர் பக்கம்தான் நியாயம். "த மோட்டார் ப்ராபப்ளி வோன்ட் ஸ்டார்ட்" அல்லது "வில் ப்ராபப்ளி நாட் ஸ்டார்ட்" என்று வர வேண்டும். ஓடாது என்பதுதான் "அநேகமாக". ஆகவே "ப்ராபப்ளி" எதிர்மறைக்கு முன்னால் நின்று அதைத் தனக்குள் அடக்க வேண்டும். "நாட்" மோடலோடு ஒட்டி "வோன்ட், கான்ட்" ஆகிவிட்டால், "ப்ராபப்ளி, செர்டன்லி, ஸ்டில்" எல்லாம் மோடலுக்கே முன்னால் போய்விடும்: "ஸ்டில் கான்ட்".

சில வினையடைகள் இரண்டு பக்கமும் நிற்கும், ஆனால் பொருள் மாறும். "ஐ ரியலி கான்ட் ஹியர் இட்" என்றால் சுத்தமாகக் கேட்கவில்லை. "ஐ கான்ட் ரியலி ஹியர் இட்" என்றால் அவ்வளவாகக் கேட்கவில்லை. "யூ சிம்ப்ளி கான்ட் லீவ்" என்றால் போகவே முடியாது. "யூ கான்ட் சிம்ப்ளி லீவ்" என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட முடியாது.

கையேட்டில் உண்மையான ஆபத்து "ஆல்வேஸ்" தான். "மின்கம்பியை எப்போதும் தொடக் கூடாது" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "மஸ்ட் நாட் ஆல்வேஸ் டச்" என்று எழுதினால், எந்நேரமும் தொட்டுக்கொண்டே இருக்காதே, அவ்வப்போது தொடலாம் என்று ஆகிவிடும். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டி நிற்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. எழுத வேண்டியது "மஸ்ட் நெவர் டச்". "ஒருபோதும்... கூடாது" என்று நமக்கு இரண்டு சொல் வேண்டும். அங்கே "நெவர்" ஒன்றே எதிர்மறையையும் சுமக்கிறது, கூட "நாட்" சேர்க்காதீர்கள். முழுக் கோப்பிலும் "நாட் ஆல்வேஸ்" என்று ஒரு தேடல் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பனங்காட்டுநரி:

தேடினேன், இரண்டு இடத்தில் இருந்தது. மாற்றிவிட்டேன். "ஹேவ் டு" வுக்கும் இதே கணக்குதானா? கடைசிப் பக்கத்தில் கேள்வி-பதில் பகுதியும் இருக்கிறது.

இடைச்செருகல்:

"ஹேவ் டு" இலக்கணப்படி மோடல் இல்லை, சாதாரண வினை மாதிரிதான் நடந்துகொள்ளும். "யூ ஆல்வேஸ் ஹேவ் டு செக்" என்று முன்னால் வையுங்கள்.

கேள்வியில் எழுவாய்க்குப் பிறகு: "ஷுட் ஐ ஆல்வேஸ் செக்?" பதில் மோடலோடு நின்றுவிட்டால் வினையடை முன்னால் தாவும்: "யெஸ், யூ ஆல்வேஸ் ஷுட்". "யூ ஷுட் ஆல்வேஸ்" என்று முடித்தால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். திருத்தியவரின் "ஆல்வேஸ் ஷுட்" பொருந்தும் இடம் இதுதான்.

ஒற்றுப்பிழை:

விட்டுப்போனது ஒன்று. "த லேபிள் ஷுட் க்ளியர்லி ஷோ த வோல்டேஜ்" என்று எங்காவது இருக்கிறதா? தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் எடுக்கலாம், காட்டத்தான் வேண்டும் என்பதில் ஐயமில்லை என்றும் எடுக்கலாம். "ஷோ த வோல்டேஜ் க்ளியர்லி" என்று கடைசிக்குத் தள்ளிவிட்டால் முதல் பொருள் மட்டுமே மிஞ்சும்.