1.9-ஐ மடித்தால் 1.10-உம் சேர்ந்து காணாமல் போகிறது (ஈமேக்ஸ் அவுட்லைன் மோட்)

மடிப்புக்காரன்:
வணக்கம். ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்கான சின்ன அவுட்லைன் மோட் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நான் எழுதியதில்லை. எழுதியவர் நேரமில்லை என்று ஒதுங்கியபோது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நட்சத்திரத்துக்குப் பதிலாக 1, 1.1, 1.2.3 என்று எண் போட்ட தலைப்புகளை மடித்து விரிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தலைப்புகளுக்கு நட்சத்திரக் குறி போடும், ஈமேக்ஸோடு வரும் அவுட்லைன் மோடிலிருந்து பிறந்தது. அதிகப்படியாக இருப்பது, எது தலைப்பு என்று கண்டுபிடிக்கும் இந்த ரெஜெக்ஸும் (தேடல் வடிவம்) சில குறுக்குவிசைகளும்தான்:

`[0-9]+\(\.[0-9]+\)* `

(கடைசியில் ஓர் இடைவெளி உண்டு.)

சிக்கல் இது. 1.1 முதல் 1.8 வரை எதை மடித்தாலும் ஒழுங்காக மடிகிறது. 1.9-ஐ மடித்தால் அதன் கீழே இருக்கும் 1.10, 1.11, 1.12 எல்லாம் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. அடுத்து கண்ணில் படுவது 2-ஆம் அத்தியாயம்தான். மறைவதோடு போனால் பரவாயில்லை. ஒருவர் 1.8-ஐ ஒரு படி கீழே நகர்த்தியிருக்கிறார், அது 1.9-க்கு அடுத்து நிற்காமல் 1.12-க்கும் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. கவனிக்காமல் சேமித்தும் விட்டார். கோபமாக எழுதியிருக்கிறார், நியாயம்தான்.

செட்டிங் எதுவும் ஏற்றாமல் வெறும் ஈமேக்ஸில் திறந்து பார்த்தேன், அதே கதை. மடிப்பது ஓவர்லே (உரையின் மேல் போர்த்தி ஒரு பகுதியை மறைப்பது) வைத்துத்தானே, அதில் எங்கோ முடிவுப் புள்ளி தவறுகிறதோ என்று இரண்டு ராத்திரி தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று: 1.9-உம் 1.10-உம் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன. தீம் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

நட்சத்திரப்பிரியை:
ஈமேக்ஸிலேயே இருக்கும், நட்சத்திரத் தலைப்பு வைத்துக் குறிப்பெழுதும் ஆர்க் மோடுக்கு மாறிவிடலாமே? அதில் இந்தத் தொல்லையே கிடையாது.

மடிப்புக்காரன்:
முடிந்தால் மாறியிருப்பேன். இந்தக் கோப்புகள் ஈமேக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கும் போகின்றன. அவர்களுக்கு எண்தான் வேண்டும்.

பழைய_லிஸ்ப்:
சம்பந்தமில்லை என்று கடைசியில் போட்டீர்களே, அந்த நிறம்தான் விஷயமே. தலைப்பின் நிறம் அதன் நிலையை (அத்தியாயமா, உட்பிரிவா என்ற படியை) வைத்து வருவது. இரண்டுக்கும் நிறம் வேறு என்றால், ஈமேக்ஸ் இரண்டையும் ஒரே நிலையில் பார்க்கவில்லை. ஓவர்லேயை விட்டுவிடுங்கள், அது சொன்னதைத்தான் செய்கிறது.

அவுட்லைன் மோட் நிலையை எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? ரெஜெக்ஸுக்குப் பொருந்திய பகுதியில் எத்தனை எழுத்து இருக்கிறதோ, அதுதான் நிலை. அவ்வளவு எளிமை. ஒரு நட்சத்திரத்துக்கு 1, மூன்றுக்கு 3. நட்சத்திரம் இருக்கும் வரை இது தவற வழியே இல்லை. 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் ஆர்க் மோடைத் தொடங்கியபோது இதே அவுட்லைன் மோடின் மேல்தான் கட்டினார். அங்கேயும் நட்சத்திரம்தான், அதனால் தப்பித்தது. உங்கள் எண்களை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், இடைவெளியையும் சேர்த்து:

`1 ` → 2
`1.9 ` → 4
`1.10 ` → 5
`1.9.1 ` → 6
`10 ` → 3

1.9 நான்காம் நிலை, 1.10 ஐந்தாம் நிலை. ஆக ஈமேக்ஸின் கண்ணுக்கு 1.10 என்பது 1.9-இன் பிள்ளை. தாயை மடித்தால் பிள்ளையும் மடியும், தாயைத் தாண்டி ஒன்றை நகர்த்தினால் பிள்ளைகளையும் தாண்டித்தான் போகும். உங்கள் பயனரின் 1.8 போய்ச் சேர்ந்த இடம் சரியாக அதுதான். 9-ஆம் அத்தியாயத்தை மடித்துப் பாருங்கள், 10-ஆம் அத்தியாயமும் போய்விடும்.

திருத்தம்: அவுட்லைன்-லெவல் என்று ஒரு வேரியபிள் இருக்கிறது. நிலையைச் சொல்லும் ஃபங்ஷன் எது என்பதை அதில் வைக்கலாம். அந்த ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் கிடையாது. கர்சர் தலைப்பின் தொடக்கத்தில் இருக்கிறது, ரெஜெக்ஸ் பொருந்திய விவரமும் கையில் இருக்கிறது என்று நம்பி எழுதலாம். புள்ளிகளை எண்ணுகிற ஃபங்ஷன் ஒன்றை எழுதி, உங்கள் மோடுக்குள் செட்க்யூ-லோக்கல் (அந்த பஃபருக்கு, அதாவது திறந்திருக்கும் அந்தக் கோப்புக்கு மட்டும் மதிப்பு வைப்பது) கொண்டு வையுங்கள். வெறும் செட்க்யூ வேண்டாம், அடுத்தவர் பஃபரில் கை வைத்த பாவம் வரும்.

மடிப்புக்காரன்:
9-ஐ மடித்தேன். 10-ஐக் காணோம். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னபடி எழுதி, ஈமேக்ஸை மூடித் திறந்த பிறகும் எதுவும் மாறவில்லை. பழைய நிறம், பழைய மடிப்பு.

அரைப்புள்ளி:
பைட்-கம்பைல் செய்த (வேகமாக ஓட மொழிமாற்றி வைத்த) பழைய கோப்பு பக்கத்திலேயே கிடக்கும். ஈமேக்ஸ் வழக்கமாக அதைத்தான் ஏற்றும், மூலக் கோப்பு அதைவிடப் புதியதாக இருந்தாலும். ஈமேக்ஸ் தன் செய்திகளைப் போடும் மெசேஜஸ் பஃபரில் அப்படி ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை. மறுபடி கம்பைல் செய்யுங்கள். பராமரிப்பு வேலை பார்ப்பவர் லோட்-ப்ரிஃபர்-நியூயர் என்பதை (இரண்டில் புதியதையே ஏற்றச் சொல்வது) இயக்கி வைத்துக்கொள்வது நல்லது.

மடிப்புக்காரன்:
அதேதான். இப்போது மடிப்பு சரி. ஆனால் அத்தியாயத் தலைப்புகளின் நிறம் மொத்தமாகப் போய்விட்டது. மெசேஜஸில் ரீடிஸ்ப்ளேயின்போது (திரையை மறுபடி வரையும்போது) பிழை என்று வரிவரியாகக் கொட்டுகிறது, ஒவ்வொன்றின் கடைசியிலும் -1.

பழைய_லிஸ்ப்:
என் தப்பு. "3 " என்ற தலைப்பில் புள்ளியே இல்லை, ஆக நிலை 0. நிறங்கள் எட்டு கொண்ட வரிசை அது. நிலையிலிருந்து ஒன்றைக் கழித்து அந்த இடத்து நிறத்தை எடுக்கும். 0-இல் ஒன்றைக் கழித்தால் -1, அப்படி ஓர் இடம் கிடையாது. நிலை எப்போதும் 1-இல் தொடங்க வேண்டும்.

ஒன்றைக் கூட்டினால் போதும்தான். ஆனால் புள்ளியை எண்ணவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கே யாராவது "1. " என்று கடைசியிலும் புள்ளி வைத்து எழுதுவார்கள், நீங்களும் ரெஜெக்ஸை அதற்குத் தளர்த்துவீர்கள், கணக்கு மறுபடி உதைக்கும். எண் தொகுதிகளை எண்ணுங்கள்: பொருந்திய துண்டை `[^0-9]+` என்பதை வைத்து ஸ்பிளிட்-ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷனில் உடைத்து, வெற்றுத் துண்டுகளைத் தள்ளி, நீளத்தை எடுத்தால் முடிந்தது. "3 " என்றால் 1, "1.10 " என்றால் 2, "1.10. " என்றாலும் 2.

ஸ்பிளிட்-ஸ்ட்ரிங் மேட்ச் டேட்டாவை, அதாவது ரெஜெக்ஸ் பொருந்திய விவரத்தை, கலைத்துவிடும். சேவ்-மேட்ச்-டேட்டாவுக்குள் வைத்து எழுதுங்கள்.

மடிப்புக்காரன்:
வேலை செய்கிறது! 1.9-உம் 1.10-உம் ஒரே நிறம். மடிப்பு, நகர்த்தல், அடுத்த தலைப்புக்குத் தாவுவது எல்லாம் சரி.

ஆனால் வெளியிடத் தயங்குகிறேன். இத்தனை நாள் நிலைகள் 2, 4, 6 என்று இருந்தன. "அத்தியாயம் மட்டும் தெரிய, எந்த நிலை வரை காட்டுவது என்பதற்கு 1 கொடுத்தால் எல்லாமே மறைகிறதே" என்று முன்பு ஒருவர் கேட்டதற்கு, "2 கொடுங்கள்" என்று பதில் எழுதியதே நான்தான். காரணம் தெரியாமலே! அதைப் பார்த்துப் பலர் தங்கள் செட்டிங்கில் 2 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இனி 2 என்றால் உட்பிரிவுகளும் தெரியும். பழைய கணக்கு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு விருப்பத் தேர்வு வைக்கலாமா?

அரைப்புள்ளி:
வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு பிழைப் புகாருக்கும் "அந்தத் தேர்வு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். எண் தவறினால் அவர்களுக்குக் கூடுதலாக நாலு தலைப்பு தெரியும், கண்ணில் பட்டதும் திருத்திக்கொள்வார்கள். 1.8 தானாக 1.12-க்குக் கீழே போவதோடு இதை ஒப்பிடவே முடியாது. பதிப்பு எண்ணை ஏற்றி, மாற்றக் குறிப்பின் முதல் வரியிலேயே "2 என்று வைத்திருந்தால் 1 என்று மாற்றுங்கள்" என்று போடுங்கள்.

நட்சத்திரப்பிரியை:
டெஸ்ட் கோப்பில் எத்தனை தலைப்பு வைத்திருந்தீர்கள்?

மடிப்புக்காரன்:
மூன்று. 😅 எழுதியவர் வைத்தது அப்படியே இருந்தது, நானும் தொடவில்லை. இப்போது ஈஆர்டியில் (ஈமேக்ஸின் டெஸ்ட் கருவி) 12 உட்பிரிவு, 11 அத்தியாயம் வைத்து எழுதியிருக்கிறேன்: 1.9-ஐ மடித்த பிறகு 1.10 கண்ணுக்குத் தெரிய வேண்டும், 1.8-ஐ நகர்த்தினால் 1.10-க்கு மேலே நிற்க வேண்டும். பழைய கோடில் ஓட்டினேன், இரண்டும் விழுந்தன. புதியதில் இரண்டும் தேறின. தேர்வு எதுவும் வைக்காமல் இன்று இரவு வெளியிடுகிறேன்; கோபமாக எழுதியவருக்கு முதலில் தனியாகச் சொல்லிவிட்டு.